பட்டனை அமுக்கினால் போதுமா? – கேமராவின் கதை

சென்ற ஆண்டு நம் பள்ளிப் பரிசளிப்பு விழா முடிந்து, எல்லாரும் கொட்டகையில் தேநீர் அருந்திக்கொண்டிருந்த நேரம். தம் பேத்தி பரிசு வாங்கியதைப் பார்க்க வந்திருந்த ஒரு பெரியவர் பழைய தோல் உறை ஒன்றிலிருந்து ஒரு சிறு கேமராவை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒரு காலத்தில் தோட்டத்துக் கல்யாணங்களுக்கெல்லாம் படம் பிடித்தவர் அவர். சுற்றிலும் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "இப்ப உள்ள கேமராவெல்லாம் மனுசனுக்கு வேலையே வைக்கறதில்ல சார். எல்லாம் அதுவே பாத்துக்குது. இது நல்லதுக்கில்ல."

பக்கத்தில் நின்றிருந்த ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி சும்மா இருக்கவில்லை. "தாத்தா, அமுக்கினா படம் வருது. அதுக்கு மேல என்ன வேணும்?" என்றாள். எல்லாரும் சிரித்தோம். பெரியவரும் சிரித்தார். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இன்றைய கேமராக்களில் 'தானே இயங்கும்' வசதிகள் அளவுக்கு மிஞ்சிவிட்டனவா? இதற்கு விடை காண வேண்டுமானால் கேமராவின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும். அதைப் பெற்றோர்களுக்கும் மாணவச் செல்வங்களுக்கும் விளங்கும்படி எழுதிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெளிச்சத்தைப் பிடித்து வைத்தவர்கள்

கேமரா என்பது அடிப்படையில் ஓர் இருட்டுப் பெட்டிதான். ஒரு பக்கத்தில் துவாரம்; அதில் ஒரு லென்ஸ். மறுபக்கத்தில் வெளிச்சம் பட்டால் மாறக்கூடிய ஒரு பொருள். படம் பிடிப்பவர் மூன்று காரியங்களை முடிவு செய்ய வேண்டும். துவாரம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பது இரண்டு. எவ்வளவு தூரத்தில் உள்ள பொருள் தெளிவாக விழ வேண்டும் என்பது மூன்று. இந்த மூன்றையும் சரியாகக் கணிப்பதுதான் அந்தக் காலத்துப் படக்காரரின் தொழில் ரகசியம்.

பிரான்சு நாட்டைச் சேர்ந்த நிசெபோர் நியெப்ஸ் என்பவர் 1826 அல்லது 1827-ஆம் ஆண்டில் தம் வீட்டுச் சன்னல் வழியே தெரிந்த காட்சியை ஓர் உலோகத் தகட்டில் பதியவைத்தார். கேமராவால் எடுக்கப்பட்டு இன்றும் எஞ்சியிருக்கும் படங்களில் அதுவே மிகப் பழையது. அந்த ஒரு படத்துக்குப் பெட்டியைப் பல மணி நேரம் திறந்து வைக்க வேண்டியிருந்தது. 1839-இல் அதே நாட்டின் லூயி டகேர் கண்டுபிடித்த முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. மணிக்கணக்கு நிமிடக்கணக்காகக் குறைந்தது. ஆயினும், படம் எடுத்துக்கொள்ள உட்கார்ந்தவர் தலை அசையாமலிருக்கக் கழுத்துக்குப் பின்னால் இரும்புக் கவ்வி வைத்தார்கள் என்றால் அந்தச் சங்கடத்தை நீங்களே எண்ணிப் பாருங்கள். அக்காலப் படங்களில் யாரும் சிரிக்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

1851-இல் இங்கிலாந்தின் பிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் 'ஈரத் தகடு' முறையைக் கொண்டுவந்தார். கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள்ளேயே கழுவியும் முடிக்க வேண்டும். வெளியூர் போகும் படக்காரர் இருட்டுக் கூடாரத்தையும் மருந்துப் புட்டிகளையும் மூட்டை மூட்டையாகச் சுமந்து போவார்.

நம் பக்கத்துக்கும் இக்கலை சீக்கிரமே வந்துவிட்டது. 1843-லேயே சிங்கப்பூரில் கேஸ்டன் டுட்ரோன்குவா என்னும் தங்கும் விடுதிக்காரர் டகேர் முறையில் படம் எடுத்துத் தருவதாகப் பத்திரிகையில் விளம்பரம் செய்தார். 1867-இல் ஜெர்மானியரான லேம்பர்ட் சிங்கப்பூரில் ஒரு ஸ்டூடியோவைத் தொடங்கினார். பிற்காலத்தில் அந்த நிறுவனம் மலாயாவின் ஊர்களையும் மக்களையும் ஏராளமாகப் படம் எடுத்து விற்றது. அவற்றில் நம் முன்னோர்களும் இருக்கிறார்கள். ஆனால் எப்படி? இன்னார் என்று பெயர் சொல்லி அல்ல. இன்ன இனத்தவர் என்ற பொதுப்பெயரோடு. கேமரா யார் கையில் இருந்ததோ அவர் பார்த்தபடியே அவர்கள் படத்தில் விழுந்தார்கள். தங்கள் படத்தைத் தாங்களே எடுத்துக்கொள்ளும் நிலை அவர்களுக்கு வரவில்லை. இந்தச் செய்தியை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 'எல்லாவற்றையும் கையால் செய்த பொற்காலம்' என்று சிலர் சொல்லும் அந்தக் காலத்தில், கேமரா பணமும் படிப்பும் உள்ள சிலரின் சொத்தாகவே இருந்தது.

மீதி வேலையைக் கம்பெனி பார்த்தது

இந்த நிலையை மாற்றியவர் அமெரிக்காவின் ஜார்ஜ் ஈஸ்ட்மன். 1888-இல் அவர் 'கோடாக்' என்னும் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். விலை 25 டாலர். உள்ளே 100 படங்களுக்கான சுருள் முன்கூட்டியே போடப்பட்டிருக்கும். 100 படமும் முடிந்தால், கேமராவை அப்படியே ரோச்செஸ்டர் நகரத்துத் தொழிற்சாலைக்கு அஞ்சலில் அனுப்பிவிட வேண்டும். 10 டாலர் கட்டினால் படங்களைக் கழுவி, புதுச் சுருளும் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். பட்டனை அமுக்குவது உங்கள் வேலை, மற்றதெல்லாம் எங்கள் வேலை என்பதே அவர்களுடைய விளம்பரத்தின் சாரம்.

1900-இல் அதே நிறுவனம் 'பிரௌனி' என்னும் அட்டைப் பெட்டிக் கேமராவை 1 டாலருக்கு விற்றது. சிறுவர்களை மனத்தில் வைத்தே அதைச் செய்தார்கள். அதில் முடிவு செய்ய அதிகம் ஒன்றுமில்லை. வெயிலில் நின்று, பிடித்து, தட்டினால் படம். இப்படித்தான் சாதாரண வீடுகளுக்குள் கேமரா நுழைந்தது.

இங்கே ஒரு வேடிக்கை. நம் பெரியவர் சொன்ன அதே புகார் அன்றைக்கே எழுந்துவிட்டது! அமெரிக்காவின் புகழ்பெற்ற படக்கலைஞர் ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் 1899-இல் ஒரு கட்டுரை எழுதினார். உழைப்பும் அறிவும் அதிகம் தேவைப்படாத கருவியைப் பொதுமக்கள் கையில் கொடுத்ததால் படங்கள் இலட்சக்கணக்கில் பெருகி, இக்கலையின் மதிப்பே கெட்டுவிட்டது என்ற பொருளில் அவர் குறைபட்டுக்கொண்டார். ஆனால் அவரே 1893-இல், பனி கொட்டும் நியூயார்க் வீதியில், கையடக்கக் கேமரா ஒன்றைக் கடன் வாங்கி எடுத்த படம்தான் அவருடைய பெயர்பெற்ற படங்களுள் ஒன்று. மணிக்கணக்கில் குளிரில் காத்திருந்து அந்தப் படத்தை அவர் பிடித்தார். கருவி எளிதானது, காத்திருந்தவர் மனிதர். புகாரும் பழையது, அதற்கு விடையும் பழையது என்றே சொல்ல வேண்டும்.

வெளிச்சம் அளக்கும் கண்

கழுவும் வேலை போனாலும் வெளிச்சத்தைக் கணிக்கும் வேலை மனிதனிடமே இருந்தது. பால்மரம் வெட்டுகிறவருக்குக் கத்தி எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பது கைக்குத் தெரியும்; புத்தகத்தில் பார்த்து வெட்டுவதில்லை. அதுபோலப் பழைய படக்காரர்கள் வானத்தையும் நிழலையும் பார்த்தே துவாரத்தையும் நேரத்தையும் வைத்தார்கள். பழகாதவர்களுக்கோ பாதிப் படம் வெளிறிப் போகும், பாதிப் படம் இருண்டு போகும். பிலிமுக்கும் கழுவுவதற்கும் கொடுத்த காசு வீண்.

இதற்கு வழிசெய்தது செலினியம் என்னும் பொருள். வெளிச்சம் பட்டால் அது சிறிதளவு மின்சாரத்தை உண்டாக்கும். அந்த மின்சாரம் ஒரு சிறு முள்ளை நகர்த்தும். வெளிச்சம் கூடினால் முள் அதிகம் நகரும், குறைந்தால் கொஞ்சம் நகரும். இந்த முள்ளையே துவாரத்தோடு இணைத்துவிட்டால்? 1938-இல் கோடாக் நிறுவனம் வெளியிட்ட 'சூப்பர் கோடாக் சிக்ஸ்-20' அதைத்தான் செய்தது. வெளிச்சத்தைத் தானே அளந்து துவாரத்தைத் தானே வைத்துக்கொண்ட முதல் கேமரா அது. ஆனால் விலை 225 டாலர்! ஏறத்தாழ 700 மட்டுமே செய்யப்பட்டன.

அந்த வசதி எளியவர்களை எட்ட இன்னும் 20 ஆண்டுகள் ஆயின. அதற்கிடையில் நம் நாட்டில் நடந்த ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். அவசர காலம் தொடங்கிய 1948-இல் மலாயாவில் 12 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பதிவு செய்து, படமும் கைரேகையும் கொண்ட அடையாளக் கார்டு கொடுத்தார்கள். தோட்டங்களில் வேலை செய்த எத்தனையோ பேருக்கு வாழ்நாளில் எடுக்கப்பட்ட முதல் படம் அதுதான். சிலருக்கு ஒரே படமும் அதுதான். எங்கள் வீட்டில் கொள்ளுத்தாத்தாவின் முகம் என்று மாட்டி வைத்திருப்பது அந்தக் கார்டுப் படத்தைப் பெரிதாக்கியதே. கண்ணை அகல விழித்துக்கொண்டு, பயந்தவர் போல இருக்கிறார். அவர் சிரித்தால் எப்படி இருந்திருப்பார் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது.

1959-இல் ஜெர்மனியின் அக்பா நிறுவனம் 'ஒப்டிமா' என்னும் கேமராவை வெளியிட்டது. துவாரம், நேரம் இரண்டையும் அதுவே பார்த்துக்கொண்டது. உள்ளே பச்சை அடையாளம் தெரிந்தால் எடுக்கலாம். சிவப்புத் தெரிந்தால் வெளிச்சம் சரியில்லை. அதையடுத்து 1961-இல் ஜப்பானின் ஒலிம்பஸ் நிறுவனம் 'பென் இ.இ.' கேமராவையும், 1967-இல் 'டிரிப் 35' கேமராவையும் கொண்டுவந்தது. பெரியவர் அன்று மேசைமேல் வைத்தது இந்த டிரிப் 35-ஐத்தான்.

அதை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். லென்சைச் சுற்றிலும் தேன்கூடு போலக் கண்ணாடி. அதன் உள்ளேதான் செலினியம் இருக்கிறது. பேட்டரியே கிடையாது. ஷட்டர் வேகம் இரண்டே இரண்டு: ஒரு வினாடியில் 40-இல் ஒரு பங்கு, 200-இல் ஒரு பங்கு. எது வேண்டும் என்பதை அதுவே தீர்மானிக்கும். வெளிச்சம் போதாவிட்டால், பார்க்கும் துவாரத்தில் ஒரு சிவப்புக் கொடி எழும்பும், பட்டனும் இறங்காது. பெரியவரிடம், "ஐயா, இதுவும் தானே வேலை செய்ற கேமராதானே?" என்று கேட்டேன். ஒரு நிமிடம் யோசித்தார். "ஆமா. ஆனா இது முடியலன்னா முடியலன்னு சொல்லிரும் சார். சும்மா ஒண்ணக் காட்டி ஏமாத்தாது" என்றார். ஒரு பெரிய நூல் சொல்ல வேண்டியதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார் என்றால் அது மிகையாகாது.

ஒன்றன்பின் ஒன்றாக வந்த வசதிகள்

அதன்பின் வசதிகள் மழைபோல் வந்தன. 1963-இல் கோடாக்கின் 'இன்ஸ்டமாட்டிக்' வந்தது. பிலிமைக் கோத்து மாட்டும் தொல்லை இல்லை. ஒரு பிளாஸ்டிக் கூட்டைப் போட்டு மூடினால் போதும். 1975-இல் கோனிக்கா நிறுவனம் பிளாஷ் விளக்கைக் கேமராவுக்குள்ளேயே பொருத்தியது. 1976-இல் கேனன் 'ஏ.இ.-1' வந்தது, அதனுள் கணக்குப் போடும் மின்னணுச் சில்லு ஒன்று இருந்தது. 1977-இல் அதே கோனிக்கா நிறுவனம் 'சி-35 ஏ.எப்.' என்னும் கேமராவை விற்றது. தூரத்தைத் தானே கண்டுபிடித்துத் தெளிவாக்கும், அதாவது தானே போகஸ் செய்யும் கேமராக்களில் பெருமளவில் விற்பனைக்கு வந்த முதல் கேமரா இதுவே. நம் இரண்டு கண்களும் சற்று வேறான இரண்டு காட்சிகளைப் பார்ப்பதால்தானே நமக்குத் தூரம் தெரிகிறது? அதே தத்துவம். இரண்டு சிறு சன்னல்கள் வழியே வரும் காட்சிகளை ஒப்பிட்டு அது தூரத்தைக் கணித்தது.

1983-இல் பிலிம் டப்பாவின் மேலேயே கறுப்பு வெள்ளைக் கட்டங்களைப் போட்டார்கள். இன்ன பிலிம் என்று கேமராவே படித்துக்கொண்டது. 1985-இல் மினோல்டா '7000' வந்தது. போகஸ், வெளிச்சம், பிலிம் சுற்றுவது எல்லாம் ஒரே உடம்பில். தொழில் முறைப் படக்காரர்களே அசந்து போனார்கள். அந்தத் தானியங்கிப் போகஸ் தங்கள் கண்டுபிடிப்பு என்று அமெரிக்காவின் ஹனிவெல் நிறுவனம் வழக்குத் தொடர, 1992-இல் மினோல்டா 12 கோடியே 75 இலட்சம் டாலர் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. ஒரு பட்டனுக்குள் எவ்வளவு பணமும் போட்டியும் ஒளிந்திருக்கின்றன பாருங்கள்!

இவற்றால் விளைந்த நன்மையை மறுக்க முடியாது. தோட்டத்துக் காதுகுத்து, கோயில் திருவிழா, தீபாவளிக் காலை, ஆயாக்கொட்டகைப் பிள்ளைகள், இடிக்கப்படுவதற்கு முந்திய லயன் வீடுகள் ஆகியவையெல்லாம் பட்டணத்து ஸ்டூடியோக்காரர் வந்து எடுத்தவை அல்ல. கையில் ஒரு சின்னக் கேமராவை வைத்திருந்த அண்ணனோ சித்தப்பாவோ எடுத்தவை. அவருக்குத் துவாரக் கணக்குத் தெரியாது; தெரிய வேண்டிய அவசியமும் இல்லாமல் போனது. தானியங்கிக் கேமரா இல்லையென்றால் அந்தப் படங்கள் இல்லை. அவை இல்லையென்றால், தோட்டங்கள் துண்டாடப்பட்டு ஆட்கள் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த பிறகு, இப்படியொரு வாழ்க்கை இருந்தது என்பதற்குச் சாட்சியே இல்லை.

சராசரி என்பது யாருடைய முகம்?

அப்படியானால் குறையே இல்லையா? இருக்கிறது. அதை நம்மவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேமராவின் வெளிச்ச மீட்டருக்குக் கண் உண்டு, அறிவு கிடையாது. உலகத்தில் எதைப் பார்த்தாலும், கறுப்பும் வெள்ளையும் கலந்து சராசரியாகச் சாம்பல் நிறம்தான் வரும் என்று அதற்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். இப்போது நம் பள்ளிப் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சட்டை. பின்னால் வெயில் அடிக்கும் திடல். நடுவில் நம் கருநிற முகங்கள். மீட்டர் என்ன நினைக்கிறது? 'அடடா, வெளிச்சம் அதிகம்' என்று எண்ணி வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது. சட்டை பளிச்சென்று விழுகிறது. முகம் இருட்டில் போகிறது. பிள்ளையின் நிறத்தில் குற்றமில்லை. கருவியின் கணக்கில்தான் குற்றம்.

இது வெறும் மீட்டரின் தவறு மட்டும் அன்று. வண்ணப் பிலிம் காலத்தில், படங்களைப் பிரதி எடுக்கும் கூடங்களில் நிறம் சரியாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கக் கோடாக் நிறுவனம் ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். முதலில் அதில் இடம்பெற்ற பெண்ணின் பெயரை வைத்து அதற்கு 'ஷெர்லி கார்டு' என்றே பெயர். அந்தப் பெண்ணின் தோல் சரியாகத் தெரிந்தால் எல்லாம் சரி என்று பொருள். மற்ற நிறத்தவர்? அவர்களைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. பழுப்பு நிற வேறுபாடுகள் பிலிமில் சரியாக விழவில்லை என்று சாக்லெட் செய்பவர்களும் மரத் தளவாடம் செய்பவர்களும் முறையிட்ட பிறகே நிறுவனம் அதைக் கவனித்தது என்று அங்கு வேலை பார்த்தவர்களே பின்னாளில் ஓர் ஆய்வாளரிடம் கூறியிருக்கிறார்கள். மனிதர் முகத்துக்காக அல்ல, மிட்டாய்க்காகவும் மேசைக்காகவும்! பல நிறத்துப் பெண்களும் சேர்ந்திருக்கும் மாதிரிப் படத்தை 1990-களின் நடுவில்தான் கோடாக் வெளியிட்டது.

பிலிம் போய் மின்னியல் கேமரா வந்த பிறகும் இதே கதை. 2009-இல் அமெரிக்காவில் வாழும் தைவான் வம்சாவளிப் பெண் ஒருவர் தம் தாயாருக்கு ஒரு நிக்கான் கேமரா வாங்கிக் கொடுத்தார். அவர்கள் முகத்தைப் படம் எடுக்கும்போதெல்லாம், 'யாராவது கண்ணை மூடிவிட்டீர்களா?' என்று அந்தக் கேமரா கேட்டது. கண்கள் திறந்துதான் இருந்தன. ஆனால் கேமராவுக்குக் கற்றுக்கொடுத்த கண்ணின் வடிவம் வேறு. கூகுள் நிறுவனம் எல்லாத் தோல் நிறங்களையும் உண்மையாகக் காட்டவென்று ஒரு தனி ஏற்பாட்டைத் தன் கைத்தொலைபேசியில் சேர்த்தது 2021-இல்தான்.

ஆகவே 'தானாக' என்ற சொல்லைக் கேட்டதும் நாம் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கருவி தானாக முடிவு செய்வதில்லை. எங்கோ ஒரு நாட்டில், ஓர் அறையில் உட்கார்ந்து யாரோ ஒருவர் முன்கூட்டியே முடிவு செய்து வைத்ததைத்தான் அது செய்கிறது. அவர் நம்மை நினைத்துச் செய்தாரா என்பதே கேள்வி.

பார்த்ததைக் காட்டுமா, நினைத்ததைக் காட்டுமா?

இன்றைய கைத்தொலைபேசிக் கேமரா இன்னும் ஒரு படி தாண்டிவிட்டது. நாம் ஒரு தடவை தட்டினால், அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, இருண்ட இடத்தை ஒன்றிலிருந்தும் வெளிச்சமான இடத்தை இன்னொன்றிலிருந்தும் சேர்த்து ஒரே படமாக்கித் தருகிறது. அதனால்தான் கோயில் தீபாராதனையைக்கூட இன்று பிளாஷ் இல்லாமல் எடுக்க முடிகிறது. இது போற்றத்தக்க வசதி.

ஆனால் 2023-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு சங்கதி வெளிவந்தது. ஒருவர் நிலாவின் படம் ஒன்றை வேண்டுமென்றே மங்கலாக்கி, கணினித் திரையில் போட்டு, அறை விளக்கை அணைத்துவிட்டு, தூரத்தில் நின்று சாம்சுங் கைத்தொலைபேசியால் படம் எடுத்தார். மங்கலான நிலாவில் இல்லாத மேடு பள்ளங்கள் அந்தப் படத்தில் தெரிந்தன! நிலாவை அடையாளம் கண்டு, தான் கற்று வைத்திருப்பதைக் கொண்டு நுணுக்கங்களைத் தெளிவாக்கும்படி செய்திருக்கிறோம் என்று அந்த நிறுவனமும் விளக்கியது. நிலா எல்லாருக்கும் ஒன்றுதான். போகட்டும் என்று விடலாம். மனித முகம்?

நான் நேரில் கண்டதைச் சொல்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன், எங்கள் பாட்டியைப் பிறந்தநாளன்று ஒரு புதுக் கைத்தொலைபேசியில் படம் எடுத்தோம். 30 வருசத்துக்கு மேல் பால்வெட்டுக்குப் போனவர் பாட்டி. வெயிலும் கொசுக்கடியும் முகத்தில் எழுதி வைத்த கோடுகள் ஏராளம். நெற்றியில், கிளை விழுந்து பட்ட ஒரு தழும்பும் உண்டு. அச்சடித்து வந்த படத்தைக் கையில் கொடுத்தோம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "யாருப்பா இது? நல்லா செவப்பா இருக்காளே" என்றார். 'அழகுபடுத்தும்' வசதி அந்தக் கைத்தொலைபேசியில் வாங்கும்போதே போடப்பட்டிருந்தது. கோடுகளைத் துடைத்து, தழும்பை மறைத்து, நிறத்தையும் வெளுத்துவிட்டிருந்தது. நாங்கள் யாரும் அதைக் கேட்கவில்லை. அது எங்களைக் கேட்கவும் இல்லை.

டிரிப் 35 கேமராவின் சிவப்புக் கொடி எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. எவ்வளவு வெளிச்சம் உள்ளே விட வேண்டும் என்பதைத்தான் பழைய தானியங்கி முடிவு செய்தது. படத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதையே புதிய தானியங்கி முடிவு செய்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. கொள்ளுத்தாத்தாவின் ஒரே படத்தில் அவர் பயந்தவராக இருந்தாலும், அது அவர்தான். பாட்டியின் படம் அழகாக இருந்தது. ஆனால் அது பாட்டி இல்லை.

பின்னோக்கித் திரும்புவதா?

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று பழைய முறைக்குத் திரும்புவோரும் இருக்கிறார்கள். ஜெர்மனியின் லைக்கா நிறுவனம் 2016-இல், எடுத்த படத்தைப் பார்க்கும் திரையே இல்லாத ஒரு மின்னியல் கேமராவை வெளியிட்டது. 2024-இல் பென்டாக்ஸ் நிறுவனம் 'பென்டாக்ஸ் 17' என்னும் புதிய பிலிம் கேமராவைக் கொண்டுவந்தது. அதில் பிலிமைக் கட்டைவிரலால் சுற்ற வேண்டும். தூரத்தை நாமே வைக்க வேண்டும். வெளிச்சத்தை மட்டும் அது பார்த்துக்கொள்ளும். இவையெல்லாம் நல்ல கருவிகள்தாம். ஆனால் பிலிம் விலையும் கழுவும் கூலியும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகுமா? கேமராவை மறுபடியும் பணக்காரர் கைக்குத் திருப்பிக் கொடுப்பது தீர்வு ஆகாது.

ஆகவே என் முடிவு இதுதான். தானியங்கி வசதிகள் அதிகமாகிவிட்டன என்பது குறையன்று. அவை என்ன செய்கின்றன என்பது நமக்குத் தெரியாமலிருப்பதே குறை. வேண்டாம் என்று சொல்லும் பட்டன் எங்கே இருக்கிறது என்று நாம் தேடாமலிருப்பதும் குறை. மாடு தானாக வீடு வந்து சேரும் என்பதற்காகக் கயிற்றைத் தொலைத்துவிடலாமா?

பெற்றோர்களும் மாணவர்களும் உடனே செய்யக்கூடிய சில காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, படம் எடுக்குமுன் திரையில் தெரியும் பிள்ளையின் முகத்தின்மேல் ஒரு தடவை விரலால் தொடுங்கள். 'இந்த முகத்துக்கு ஏற்ற வெளிச்சத்தைப் போடு' என்று கேமராவுக்குக் கட்டளையிடுவதற்கு அது சமம். இன்னும் இருட்டாக இருந்தால், பக்கத்தில் வரும் சூரியன் போன்ற அடையாளத்தை மேலே நகர்த்துங்கள். கூடுமானவரை திடலைப் பின்னால் வைத்து நிறுத்தாமல், வெளிச்சம் முகத்தில் விழும்படி நிறுத்துங்கள்.

இரண்டாவது, 'அழகுபடுத்தும்' வசதி போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அணைத்துவிடுங்கள். நம் பிள்ளைகள் தங்கள் நிறத்தைப் பற்றித் தவறான பாடத்தைக் கைத்தொலைபேசியிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டாம்.

மூன்றாவது, நல்ல படங்களை அச்சடித்து, பின்பக்கத்தில் பெயர், ஊர், தோட்டம், ஆண்டு ஆகியவற்றைப் பேனாவால் எழுதி வையுங்கள். படத்தில் இருப்பவர் இன்னார் என்று எழுதி வைப்பது நம் கடமை. லேம்பர்ட் காலத்துப் படங்களில் நம்மவர்களுக்குப் பெயர் இல்லாமல் போனது போல, இனியும் போகக்கூடாது.

நான்காவது மாணவர்களுக்கு. ஒரு காலி மைலோ டின்னை எடுத்து, அடிப்பக்கத்தில் ஆணியால் மிகச் சிறிய ஒரு துவாரம் போடுங்கள். திறந்த பக்கத்தில் எண்ணெய்த் தாளை இழுத்துக் கட்டுங்கள். ஒரு கறுப்புத் துணியால் தலையையும் டின்னையும் மூடிக்கொண்டு, துவாரத்தை வெயிலில் இருக்கும் மரத்தின் பக்கம் காட்டுங்கள். மரம் தாளின்மேல் தலைகீழாக விழும். இந்த ஆண்டு எங்கள் அறிவியல் கழகத்தில் பிள்ளைகள் இதைச் செய்தார்கள். பேட்டரியும் இல்லாமல் பட்டனும் இல்லாமல் ஒரு செம்பனை மரம் டின்னுக்குள் தலைகீழாக நின்றதைப் பார்த்து அவர்கள் போட்ட கூச்சல் அலுவலக அறை வரைக்கும் கேட்டது. சென்ற ஆண்டு பெரியவரை மடக்கிய மாணவியின் தம்பியும் அதில் இருந்தான். "சார், இவ்வளவுதானா கேமரா?" என்று கேட்டான். இவ்வளவுதான். இதைத் தெரிந்துகொண்டவனை எந்தக் கருவியும் எளிதில் ஏமாற்ற முடியாது.

பாட்டியை நாங்கள் மறுபடியும் படம் எடுத்தோம். அதே கைத்தொலைபேசிதான்; அழகு வசதியை அணைத்துவிட்டு, வாசல் வெளிச்சத்தில் உட்கார வைத்து, முகத்தைத் தொட்டு எடுத்தோம். கோடுகள் இருந்தன, தழும்பு இருந்தது. "ஆங், இது நாந்தான்" என்று சொல்லி, தாமே அலமாரியில் எடுத்து வைத்துக்கொண்டார். இன்று பாட்டி இல்லை. அந்தப் படம் கொள்ளுத்தாத்தாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டப்பட்டிருக்கிறது. அதன் பின்பக்கத்தில் பெயரும் தோட்டமும் ஆண்டும் எழுதியிருக்கிறோம்.

இவ்வாண்டு பரிசு பெறும் மாணவச் செல்வங்கள் அனைவருக்கும் என் வாழ்த்துகள். மேடையில் நிற்கும் பிள்ளையைப் படம் எடுக்கப்போகும் பெற்றோர்களே, முதலில் முகத்தைத் தொடுங்கள். பிறகு பட்டனைத் தட்டுங்கள்.